ஆவாரை வீட்டுக்கு வரட்டும்

போகிக்கு முதல் நாள் சாயங்காலம் திருவெண்ணெய்நல்லூர் கடைத்தெருவில் சைக்கிள் கேரியர் நிறைய ஆவாரம்பூ வந்து இறங்கும். கூடவே கூரைப்பூ, மாவிலை, வேப்பிலை. ஒரு பிடி வாங்கிக்கொண்டு போய் வாசல் நிலையிலும் மாட்டுக் கொட்டகையிலும் செருகுவோம். பொங்கல் முடிந்த நான்காம் நாள் அது சருகாகிக் குப்பைக்குப் போகும். அந்தப் பூ எந்த வரப்பில் பூத்தது, அந்தச் செடி இன்னும் நிற்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்க ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதத்தில். சந்தையில் பூத்துக் குலுங்கியதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்த ஒட்டு ரோஜாக்கள், காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றியும் தொட்டியிலேயே கருகிக்கொண்டிருந்தன. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆயா சொன்னார்: “குடம் குடமா ஊத்துறியே தம்பி. மேட்டுக் கொல்லைக்குப் போற வழியில ஆவாரை பூத்து நிக்குது பாரு. அதுக்கு யாரு ஊத்துனா?”

போய்ப் பார்த்தேன். புல் முழுக்கக் காய்ந்து, செம்மண் வெடித்துக் கிடந்த வரப்பின் மேல் இடுப்பளவு உயரத்தில் ஒரு புதர். கிளை நுனியெல்லாம் மஞ்சள். அன்று மனதில் விழுந்த எண்ணம்தான் இந்தக் கட்டுரை. நம் கொல்லைக்கு ஏற்ற பூச்செடியைத் தேடி நாம் நர்சரிக்குப் போகிறோம். அதுவோ நம் வீட்டுக்கு நூறடி தள்ளி, கேட்பாரில்லாமல் பூத்துக்கொண்டிருக்கிறது.

வறட்சியும் வெள்ளமும் ஒரே ஊருக்கு

திருவெண்ணெய்நல்லூரைத் தென்பெண்ணையாற்றின் தென்கரை ஊர் என்று சொல்வார்கள். கிருபாபுரீஸ்வரர் கோயிலில் சிவபெருமான் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட ஊர். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் வாழ்ந்த ஊர். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர். நெல்லும் கரும்பும் விளையும் பூமி என்பதால் தண்ணீருக்குப் பஞ்சமில்லாத இடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஆற்றில் தண்ணீர் ஓடும் நாள்கள் எத்தனை என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. தை பிறந்தால் வானம் வெளுத்துவிடும். பங்குனி முதல் ஆனி வரை நாலு மாதம் கிணறும் போரும்தான் கதி.

பெய்யும்போதோ அளவு தெரியாமல் பெய்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் தென்பெண்ணையின் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு உடைந்தது. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் தென்பெண்ணை கரை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. அதே வயல்கள் அடுத்த சித்திரையில் வெடித்துக் கிடந்தன.

இப்படிப்பட்ட ஊரில் பூந்தோட்டம் போடுகிறவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பத்துத் தொட்டிகளுக்கு நாளுக்கு ஒரு குடம், அதாவது 15 லிட்டர் என்று வைத்தாலும் கோடையின் 120 நாளுக்கு 1,800 லிட்டர். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அந்தக் குடத்தை யார் தூக்குவது? நான்கு நாள் வெளியூர் போனால் யார் ஊற்றுவது? பூ வளர்க்கும் ஆசையைப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஆசையைக் கைவிட வேண்டியதில்லை, செடியை மாற்றினால் போதும்.

காது முளைத்த இலை

ஆவாரை பல்லாண்டு வாழும் புதர்ச்செடி. பெரும்பாலும் ஓராள் உயரத்துக்குள் நிற்கும், வசதி கிடைத்தால் அதற்கு மேலும் போகும். இந்தியாவின், இலங்கையின் வறண்ட நிலங்கள் இதன் தாய்வீடு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஒரு கொத்து இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுக்காம்பின் இரண்டு பக்கமும் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி சிற்றிலைகள். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மனிதக் காது போல வளைந்த இரண்டு சிறு பச்சை மடல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். 1753-இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது ‘காதுள்ளது’ என்ற பொருளில் ‘ஆரிகுலேட்டா’ என்று சேர்த்தது இந்த மடலைப் பார்த்துத்தான். ‘காசியா’ என்ற முன்பெயர் பின்னாளில் ‘சென்னா’ என்று மாறியது. காது மட்டும் மாறவில்லை.

செடியை அடையாளம் காண இந்தக் காதுதான் உறுதியான வழி. மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரை அல்ல. மெழுகுவத்தி போல நிமிர்ந்து பூப்பது சீமை அகத்தி. சாலையோர மரமாக நிற்பது மஞ்சள் கொன்றை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஆக்கிரமித்து, இன்று அரசு செலவு செய்து வெட்டி அகற்றும் அந்நியக் கொன்றையும் இதே மஞ்சள்தான். அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. காது மடலைப் பார்த்த பிறகே விதை எடுக்க வேண்டும்.

வெயிலை இது எப்படித் தாங்குகிறது? பதில் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. முளைத்த சில வாரங்களிலேயே ஆணிவேர் நேராகக் கீழே இறங்கத் தொடங்கிவிடும். மேலே நாலு இலை இருக்கும்போது கீழே வேர் அதைவிட நீளமாகப் போயிருக்கும். மேல்மண் காய்ந்தாலும் அடியில் இருக்கும் ஈரம் அதற்குப் போதும். இலைகள் சிறியவையாக இருப்பதால் வெயிலில் இழக்கும் நீரும் குறைவு. இரவானால் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடிந்து தூங்கும். ஏர் ஓட்டப் போகிறவர்கள் தலைப்பாகைக்குள் ஆவாரை இலையை வைத்துக்கொண்டதை நம் தாத்தாக்கள் காலத்தில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். வெயிலில் வாழத் தெரிந்த செடியை வெயிலில் உழைக்கிறவர்கள் துணைக்கு வைத்துக்கொண்டார்கள்.

மடலேறியவன் மாலை முதல் தோல் ஷாப் வரை

இந்தப் பூவுக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. சங்க நூல்களில் இதன் பெயர் ஆவிரை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் இதுவும் ஒன்று. காதலித்த பெண்ணை மணந்துகொள்ள வழியில்லாமல் பனைமடலில் குதிரை செய்து ஊர்நடுவே ஏறி வந்தவன், ஆவிரைப் பூவை மாலையாகச் சூடிக்கொண்டான் என்று பழம்பாட்டுகள் சொல்கின்றன. தோட்டத்துப் பூ கிடைக்காதவனுக்கும் கைகொடுத்த பூ இது.

‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழி இன்றும் கிராமத்து வாயில் இருக்கிறது. எல்லை தாண்டினாலும் இதற்கு மதிப்பு குறையவில்லை. யாழ்ப்பாணத்தில் இது ஆவரசு. சிங்களவர்கள் ரணவரா என்று சொல்லிப் பூவைத் தேநீர் போலக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். தெலுங்கில் தங்கேடு. பதுகம்மா பண்டிகையில் பூ அடுக்கும்போது தங்கேடு இல்லாமல் முடியாது. 2014-இல் தெலங்கானா தனி மாநிலமானதும் இதையே மாநில மலராக அறிவித்துக்கொண்டது.

நம் ஊரில் இதன் பட்டைக்கு வேறொரு வரலாறு. ஆவாரம்பட்டை தோல் பதனிடுவதற்கு ஏற்ற துவர்ப்புள்ளது. உலகச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்று பெயர் வாங்கிய தென்னிந்தியத் தோலுக்குப் பக்குவம் தந்ததில் இந்தப் பட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் தோலுக்கு 2008-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து இறங்கிய பிறகு ஆவாரம்பட்டையின் சந்தை சுருங்கியது. பட்டைக்காக வெட்டுவது குறைந்தது செடிக்கு நல்லதுதான். ஆனால் பயன் போனதும் அதைப் பேணும் எண்ணமும் சேர்ந்தே போய்விட்டது.

விதை முதல் பூ வரை

ஆவாரையை வீட்டில் வளர்க்க முயன்று தோற்றவர்கள் பலர் செய்யும் தவறு ஒன்றே. வரப்பில் நிற்கும் செடியை வேரோடு பிடுங்கி வந்து நடுவார்கள். பிடுங்கும்போதே ஆணிவேர் அறுந்துவிடும். பத்து நாளில் செடி காய்ந்துபோகும், வரப்பிலும் ஒரு செடி குறையும். இரட்டை இழப்பு. ஆவாரைக்கு விதைதான் வழி.

தை, மாசியில் தொடங்கிக் கோடை வரை செடியில் காய்ந்த நெற்றுகள் தொங்கும். விரல் நீளத்தில், தட்டையாக, காகிதம் போலப் பழுப்பு நிறத்தில் இருக்கும். ஒரு நெற்றில் பத்துப் பதினைந்து விதைகள் தேறும். பல நெற்றுகளில் வண்டு துளைத்த விதைகள் இருக்கும், அவற்றைத் தள்ளிவிடுங்கள். ஐந்தாறு நெற்றுகள் போதும். மிச்சத்தைச் செடிக்கே விட்டுவிடுங்கள்.

விதையின் தோல் மிகக் கெட்டி. அப்படியே ஊன்றினால் பெரும்பாலானவை முளைக்காது. கொதித்து இறக்கிய வெந்நீரை ஒரு கிண்ணத்தில் இருக்கும் விதை மேல் ஊற்றி, ஆறவிட்டு, இரவு முழுக்க அப்படியே வையுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் ஊறிப் பருத்திருக்கும். அவை முளைக்கத் தயார். பருக்காதவற்றை அம்மிக்கல்லிலோ உப்புத்தாளிலோ ஒரு பக்கம் லேசாக உரசி மறுபடி ஊறவைக்கலாம்.

விதைக்க ஏற்ற மாதம் ஆடி. நம் ஊரில் நாள் குறிப்பதற்கு ஒரு வசதியும் உண்டு. ஆடி சுவாதி சுந்தரர் குருபூசை. திருவிழா முடிந்த வாரத்தில் விதையை ஊன்றினால், வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் செடி வேர் பிடித்துவிடும்.

செடி நிற்கப்போகும் இடத்திலேயே நேராக விதைப்பது முதல்தரம். ஒரு குழிக்கு மூன்று விதை, அரை அங்குல ஆழம். ஒன்றிரண்டு வாரங்களில் முளைக்கும். நன்றாக வந்த ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பையில்தான் வளர்க்க முடியும் என்றால் உயரமான பாலித்தீன் பை வேண்டும். ஒரு சாண் உயரம் வந்ததுமே மண் உதிராமல் தரைக்கு மாற்றிவிட வேண்டும். தாமதித்தால் வேர் பையின் அடியில் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேர் பிறகு ஆழம் போவது கடினம்.

வெயில் முழுதாக விழும் இடம் வேண்டும். மாமர நிழலில் இலை இருக்கும், பூ இருக்காது. செம்மண், சரளை, மணல் கலந்த மண் எல்லாம் ஒத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்குவதைத்தான் பொறுக்காது. வறட்சியைத் தாங்கும் செடி வெள்ளத்தையும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்றோரத்துக் களிமண் கொல்லையாக இருந்தால், ஓரடி உயரத்துக்கு மண்ணும் மணலும் சேர்த்து மேடு கட்டி அதன் மேல் வையுங்கள். ஃபெஞ்சல் மாதிரி இன்னொரு மழை வந்தாலும் வேர் அழுகாமல் தப்பிக்க இந்த ஒரு அடி உதவும். செடிக்குச் செடி நாலைந்து அடி இடைவெளி போதும்.

முதல் கோடை மட்டும் வாரம் ஒருமுறை ஒரு குடம் ஊற்றுங்கள். தினம் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரத்துக்கு ஒருமுறை ஆழமாக நனைப்பது நல்லது. ஈரம் கீழே இருந்தால் வேரும் கீழே போகும். அடியைச் சுற்றிச் சருகு மூடாக்கு போட்டால் இன்னும் நல்லது. இரண்டாம் கோடையிலிருந்து மழைத் தண்ணீரே போதும். உரம் கேட்காது. நடும்போது ஒரு கூடை மக்கிய எரு போட்டிருந்தால் அத்துடன் விட்டுவிடலாம். அதிகம் போட்டால் இலைதான் பெருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிக்குள், கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்யுங்கள். பூ புதுத்தளிரின் நுனியில்தான் வரும். வெட்டாமல் விட்டால் அடிப்பக்கம் குச்சியாகி மேலே மட்டும் பூக்கும். தரையில்லாத வீட்டில் மொட்டை மாடியிலும் வளர்க்கலாம். ஆனால் ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமுள்ள டிரம் வேண்டும். தொட்டிச் செடிக்கு ஆழம் போக வழியில்லாததால் கோடையில் வாரம் இரண்டு முறை தண்ணீர் வேண்டியிருக்கும். இப்படி வளர்த்தால் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் பூக்கத் தொடங்கும்.

கருவண்டு வரும் நேரம்

செடி பூத்தபின் ஒரு காலை ஏழரை மணிக்கு அதன் அருகில் அமைதியாக நின்று பாருங்கள். கட்டைவிரல் நுனி அளவு கருவண்டு ஒன்று வரும். மூங்கிலையும் மரத்தையும் துளைத்துக் கூடு கட்டும் தச்சுத் தேனீ அது. பூவின் நடுவில் வளைந்து நிற்கும் மகரந்தத் தண்டுகளைக் காலால் பற்றிக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிடக் கூர்மையான ஒரு சத்தம் கேட்கும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பையும் நீளவாக்கில் வெடிக்காது. நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் தூள் வெளியே வரும், அதுவும் இப்படி அதிர்ந்தால் மட்டும். வண்டின் வயிற்றில் மஞ்சள் பொடி அப்பிக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் இப்படி அதிர்ந்தால் நன்றாகத் தூள் தருபவை. அவற்றையும் இந்தக் கருவண்டு அதிரவைத்து மகரந்தம் எடுக்கும், சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் ஓர் ஆவாரை நின்றால், அதைத் தேடி வரும் வண்டு கத்தரிக்கும் வேலை செய்துவிட்டுப் போகும்.

இலையை மஞ்சள், வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளின் பச்சைப் புழுக்கள் தின்னும். பார்த்ததும் மருந்தடிக்க ஓடாதீர்கள். செடி மறுபடி துளிர்த்துக்கொள்ளும், புழு வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கும்.

அடுப்படிக்கும் வரும், அளவோடு

பூவைப் பருப்போடு சேர்த்துக் கூட்டு வைக்கலாம், துவையல் அரைக்கலாம். நிழலில் உலர்த்திக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சளோடு அரைத்துக் குளியல் பொடி செய்வது வழிவழியாக வருவது. சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்ற பெயரில் ஏழு சரக்குகள் சேர்ந்த கஷாயம் உண்டு. ஆவாரை, கொன்றை, நாவல், மருதம், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம் ஆகியவை அவை.

சர்க்கரைக்கு இது நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஆபத்து. மாத்திரையோடு சேர்த்து அதிகம் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். மருத்துவரைக் கேட்காமல் மருந்தாக எடுக்க வேண்டாம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். வாசலில் பூத்து நிற்கும் அழகுக்காகவே இதை வளர்க்கலாம். அதற்கு வேறு நியாயம் தேட வேண்டியதில்லை.

தண்ணீர் குறைவாகக் கேட்கும் வேறு பூச்செடிகளும் உண்டு. அரளி வெயிலில் பிரமாதமாகப் பூக்கும். ஆனால் இலை, பூ, பட்டை எல்லாமே விஷம். நித்தியகல்யாணியும் தாங்கும், அதுவும் வாயில் வைக்கக் கூடாதது. தவழும் குழந்தையும் கட்டிவைத்த கன்றுக்குட்டியும் இருக்கும் கொல்லையில் முதல் இடம் ஆவாரைக்குத்தான்.

வரப்பில் குறைகிறது, வாசலில் சேரட்டும்

சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்துப் புதர்கள் முதலில் போகின்றன. வரப்பில் களைக்கொல்லி அடிக்கிறோம். மேட்டுக் கொல்லைகள் மனைப்பிரிவுகளாகின்றன, ஜேசிபி ஒரு காலையில் எல்லாவற்றையும் வழித்துவிடுகிறது. இவை போதாமல் பொங்கலுக்கு ஒரு பிடிப் பூ வேண்டிக் கிளையையே முறிக்கிறோம். காட்டில் தானே வளரும், என்றும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இதையெல்லாம் செய்கிறோம். அந்தக் காடு எங்கே இருக்கிறது?

சடையப்ப வள்ளல், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் கொடுத்தவர் என்று நம் ஊர் பெருமை பேசுகிறது. நம்மிடம் எதுவும் கேட்காமல் ஆண்டு முழுக்கப் பூக்கும் ஒரு செடிக்கு நாலடி இடம் கொடுப்பது அந்த ஊருக்குப் பெரிய காரியமல்ல. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஓரம், ஊராட்சி அலுவலக வாசல், கோயில் நந்தவனம், புதிதாகக் கட்டிய வீட்டின் முன்பக்கம் என்று இடம் எங்கும் இருக்கிறது.

எங்கள் வீட்டு ரோஜாத் தொட்டிகள் காலியான இடத்தில் இன்று மூன்று ஆவாரைகள் நிற்கின்றன. போன தையில் முதல் முறையாகக் கடைத்தெருவில் பூ வாங்கவில்லை. ஆயா நிலைக்கு வேண்டியதை மட்டும் நாலு கொத்து கிள்ளி வந்து, “மிச்சம் செடியிலயே இருக்கட்டும்பா” என்றார்.

நீங்களும் இந்தக் கோடைக்குள் ஐந்து நெற்று எடுத்துவையுங்கள். ஆடி சுவாதி முடிந்ததும் ஊன்றுங்கள். அதற்கடுத்து வரும் இரண்டாவது பொங்கலுக்கு உங்கள் வாசலுக்கு வேண்டிய பூ உங்கள் வாசலிலேயே இருக்கும்.